நடனம் அமைத்த நங்கை



ஆடற்கலைக்கு ஒரு குறை உண்டு. சிற்பி மறைந்தாலும் சிலை நிற்கிறது. புலவர் மறைந்தாலும் ஏடு நிற்கிறது. ஆட்டமோ, ஆடி முடித்த கணத்திலேயே மறைந்து விடுகிறது. ஆடியவர் உடலிலும் கண்டவர் நினைவிலுமன்றி அதற்கு வேறு இருப்பிடம் இல்லை. தஞ்சை நால்வர் 19-ஆம் நூற்றாண்டில் அமைத்த உருப்படிகள் இன்றும் நம் பெண்களின் சலங்கையில் ஒலிக்கின்றன என்றால், நட்டுவனார் பரம்பரை அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்ததே காரணம். தமிழகத்தை விட்டுத் தொலைவில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்து வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். மகளை நடனம் பயில அனுப்ப எண்ணும்போது, ஆசிரியர் யாரிடம் பயின்றவர் என்பதைத்தானே நாம் முதலில் விசாரிக்கிறோம்!

அவ்வாறு கைமாற்றித் தர ஆளின்றி, ஒரு பெருங் கலைஞரின் வாழ்நாள் உழைப்பே அழிந்துபோக இருந்த கதை ஒன்றை இன்று காண்போம். அக்கலைஞர் பிரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா அம்மையார். பாலே எனப்படும் ஐரோப்பிய அரங்க நடனத்தில், ஆடுபவராக மட்டும் நில்லாமல், நடனத்தை அமைப்பவராகவும் உலகப் புகழ்பெற்ற முன்னோடிப் பெண்மணி இவர்.

பாலே நமக்கு முற்றிலும் அயலானது என்று கருத வேண்டியதில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், ரஷ்ய ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பினால் தூண்டப்பெற்று முதலில் பாலேயைத்தான் பயின்றார். பின்னரே பரதநாட்டியத்தின்பால் திரும்பி, 1936-ஆம் ஆண்டில் சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அந்தப் பாவ்லோவா பயின்ற அதே பீட்டர்ஸ்பர்க் அரச நடனப் பள்ளியில்தான் நிஜின்ஸ்காவும் பயின்றார்.

இன்னொரு வகையிலும் அவ்வுலகம் நம்முலகத்தை ஒத்திருந்தது. நம்மிடையே சதிர் ஆடியவர் பெண். ஜதி சொல்லி ஆட்டுவித்த நட்டுவனாரோ பெரும்பாலும் ஆண். பாலேயிலும் அவ்வாறே. அரங்கின் ஒளியெல்லாம் நடன மங்கையின்மீது விழுந்தது. ஆட்டத்தை வகுக்கும் உரிமை ஆண்களின் கையில் இருந்தது. ரஷ்ய அரச அரங்குகளில் பல பத்தாண்டுகள் அந்த உரிமையைச் செலுத்தியவர் மாரியஸ் பெத்திபா. அவருக்குப் பின் வந்தவர்களும் ஆண்களே. அந்த வரிசையில் ஒரு பெண் வந்து நின்றதுதான் நிஜின்ஸ்காவின் வரலாறு.

அவர் 1891-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், இன்று பெலாருஸ் நாட்டின் தலைநகராக விளங்கும் மின்ஸ்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் போலந்து இனத்தவர். ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்த நடனக் கலைஞர்கள். தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்த பின்னர், தாய் எலியனோரா பிள்ளைகளைப் பீட்டர்ஸ்பர்க்கில் வைத்து வளர்த்தார். அண்ணன் வாஸ்லாவ் 1898-ஆம் ஆண்டிலும், தங்கை பிரோனிஸ்லாவா 1900-ஆம் ஆண்டிலும் அரச நடனப் பள்ளியில் இடம்பெற்றனர். 1908-இல் தேர்ச்சி பெற்று, புகழ்வாய்ந்த மரீன்ஸ்கி அரங்கில் தங்கை பணியேற்றார்.

அண்ணன் வாஸ்லாவ் நிஜின்ஸ்கியின் பெயரை உலகம் அறியும். அந்தரத்தில் எழும்பி அங்கேயே ஒரு கணம் நின்றுவிடுவது போலத் தோன்றும் அவருடைய பாய்ச்சலைக் கண்டு ஐரோப்பா வியந்தது. 1909-ஆம் ஆண்டில் செர்கே தியாகிலெவ் என்பவர் ரஷ்யக் கலைஞர்களைத் திரட்டிப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றார். அவருடைய குழுவே பின்னர் 'பாலே ரூஸ்' என்று பெயர்பெற்றது. அண்ணனும் தங்கையும் அதில் ஆடினர். 1911-இல், அரங்கில் அணிந்த உடை தகாதது என்று காரணம் காட்டி வாஸ்லாவை மரீன்ஸ்கி நிர்வாகம் நீக்கியது. தங்கை அதைப் பொறுக்கவில்லை. அரச அரங்கக் கலைஞர் என்ற பட்டமும் அதனோடு வந்த பாதுகாப்பும் போவதை அறிந்தே, தாமும் விலகிக்கொண்டார்.

வாஸ்லாவ் தாமே நடனம் அமைக்கத் தொடங்கியபோது, தம் கற்பனையைச் சோதித்துப் பார்த்ததும் தங்கையின் உடலில்தான். 1912-இல் பாரிஸைக் கலக்கிய 'ஒரு பானின் பிற்பகல்' என்ற நடனம், அதற்கு முன்பே பீட்டர்ஸ்பர்க் வீட்டில் இரகசியமாகத் தங்கையை வைத்து அசைவு அசைவாக உருவாக்கப்பட்டதாகும். ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கு அமைந்த 'வசந்தச் சடங்கு' என்ற நடனத்தில், பலியாகும் கன்னியின் ஆட்டத்தையும் வாஸ்லாவ் தங்கைக்காகவே வகுத்தார். 1912-இல் திருமணமாகியிருந்த தங்கை கருவுற்றதனால் அதனை ஆட இயலாமற் போயிற்று. 1913 மே 29-ஆம் நாள் வேறொருவர் ஆடினார். அண்ணனுக்குக் கடுஞ்சினம். அவ்வாண்டு அக்டோபரில் தங்கைக்கு இரினா என்ற மகள் பிறந்தாள். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போர் மூண்டதும் நிஜின்ஸ்கா ரஷ்யாவுக்குத் திரும்பினார். 1915 முதல் கீவ் நகரில் வாழ்ந்தார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் அந்நகரைப் புரட்டிப் போட்டன. ஆட்சிகள் மாறி மாறி வந்தன. உணவுக்கும் விறகுக்கும் பஞ்சம். அத்தகைய நாளில், 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர் அங்கே 'இயக்கப் பள்ளி' என்ற பெயரில் ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். அதே காலத்தில்தான் லியோன் என்ற மகன் பிறந்தான். கணவரோடு வாழ்வும் முறிந்தது. கைக்குழந்தை ஒருபுறம், முதிய தாய் ஒருபுறம், இடையே பள்ளி!

அந்தப் பள்ளியில்தான் அவர் தம் கொள்கையைக் கண்டறிந்தார். நடனம் என்பது அழகிய நிலைகளின் கோவை என்று பழைய மரபு கருதியது. ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்வது வெறும் வழி. நிஜின்ஸ்காவோ, அந்த வழியே நடனம் என்றார். உயிர் இருப்பது இயக்கத்தில்தான் என்றார். இதனை விளக்கி ஒரு கட்டுரையும் எழுதினார். கதையே இல்லாமல் இசையையும் இயக்கத்தையும் மட்டுமே கொண்ட ஆட்டங்களையும் மாணவர்க்கு அமைத்தார். ஓவியர் அலெக்சாந்திரா எக்ஸ்தர் அவருக்குத் துணையாக நின்றார். அண்ணனுடைய சோதனைக்கு உடல் தந்த தங்கை, இங்கே தம் சொந்த வழியைக் கண்டுவிட்டார்.

1921-ஆம் ஆண்டு, அண்ணன் வியன்னாவில் மனநோய் மருத்துவமனையில் இருப்பதை அறிந்து, தாயையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு எல்லை கடந்து வெளியேறினார். பள்ளியும் மாணவரும் பின்னே நின்றனர். வாஸ்லாவ் அதன்பின் அரங்கிற்குத் திரும்பவேயில்லை. 1950-இல் லண்டனில் காலமானார். தங்கை தியாகிலெவின் குழுவில் மீண்டும் சேர்ந்தார். இம்முறை நடனம் அமைப்பவராகவும் சேர்ந்தார். அந்தக் குழுவின் இருபது ஆண்டு வரலாற்றில், நடன அமைப்பாளர் பதவி வகித்த ஒரே பெண் அவர்தாம்.

இனி, அவருடைய தலைசிறந்த படைப்புக்கு வருவோம். அது 'லே நோஸ்' என்பது. திருமணம் என்று பொருள். ரஷ்யக் கிராமத் திருமணப் பாடல்களின் சொற்களைக் கொண்டு ஸ்திராவின்ஸ்கி பல ஆண்டுகள் உழைத்து அமைத்த இசை. பாடகர் குழு, நான்கு பியானோக்கள், பலவகைத் தாளக் கருவிகள். ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். கிராமத் திருமணம் என்றவுடன் அனைவர் மனத்திலும் எழுந்தது கோலாகலம். ஓவியர் நத்தாலியா கொஞ்சரோவா முதலில் வண்ணம் கொழிக்கும் உடைகளை வரைந்து தந்தார். தியாகிலெவுக்கும் அது பிடித்திருந்தது.

நிஜின்ஸ்கா மறுத்துவிட்டார். இந்தத் திருமணம் யாருக்கு மகிழ்ச்சி என்று அவர் எண்ணிப் பார்த்தார். பெற்றோர் பேசி முடித்த மணம். பெண்ணும் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியார். பெண் நாளை முதல் முன்பின் அறியாத வீட்டில் அயலார் சொற்படி நடக்க வேண்டும். அவள் உள்ளத்தில் களிப்பு எங்கிருந்து வரும்? இதுவே அவர் வாதம். அப்படியானால் இந்த நடனம் உமக்கில்லை என்றார் தியாகிலெவ். அவ்வளவு பெரிய வாய்ப்பு போயிற்றே என்று அம்மையார் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. தியாகிலெவே திரும்பி வந்தார். அம்மையார் விரும்பியபடியே நடக்கட்டும் என்றார். வண்ண உடைகள் போயின. பழுப்பும் வெண்மையுமான எளிய உழைப்பாளர் உடை வந்தது. கொஞ்சரோவாவே அதனையும் வரைந்தார்.

1923 ஜூன் 13-ஆம் நாள் பாரிஸில் 'லே நோஸ்' அரங்கேறியது. திரை விலகியதும் மணமகளும் தோழியரும் தோன்றுகின்றனர். மணமகளின் சடை மிக நீண்டது. தோழியர் அதை இருபுறமும் தாங்கி நிற்கின்றனர். ரஷ்யக் கிராமங்களில் கன்னிப் பெண்ணுக்கு ஒற்றைச் சடை. மணமானவளுக்கு இரட்டைச் சடை. அந்த ஒற்றைச் சடையைப் பிரிப்பது, கன்னிப் பருவத்தையும் பிறந்த வீட்டையும் அவளிடமிருந்து பிரிப்பதாகும். அந்தச் சடை அரங்கில் கயிறு போலக் கிடக்கிறது; அவளைப் பிணைக்கும் கயிறோ என்று ஐயுறத் தோன்றுகிறது. காட்சியின் முடிவில் தோழியர் தம் தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, முகங்களாலாகிய ஒரு கோபுரம் எழுகிறது. அதன் உச்சியில் மணமகளின் முகம்.

பாலேயில் பெண்கள் கால்விரல் நுனியில் நிற்பது, மண்ணைத் தொடாத மென்மையைக் காட்டுவதற்காக வந்த வழக்கம். நிஜின்ஸ்கா அதே நுனிக்காலைத் தரையைக் குத்தும் ஆயுதமாக்கினார். சடை பின்னும் விரல்களைப் போலக் கால்கள் குறுக்கும் மறுக்கும் விரைகின்றன. பழைய தேவாலயச் சித்திரங்களில் காணும் புனிதரைப் போல உருவங்கள் நீண்டு உயர்ந்து தோன்றுகின்றன. மணமகளுக்கோ மணமகனுக்கோ தனி ஆட்டம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஆடுவதெல்லாம் கூட்டந்தான். இறுதிக் காட்சியில் ஊரார் முன்னே ஆடிக் களிக்க, மணமக்கள் பின்னே மேடைமீது அசையாது அமர்ந்திருக்கின்றனர். பிறகு உள்ளறைக்குச் செல்கின்றனர். கதவு சாத்தப்படுகிறது. பியானோக்கள் மணியோசை போல ஒலித்து ஓய்கின்றன.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. பாரிஸில் ஆந்திரே லெவின்சன் என்ற விமர்சகர், தனிமனிதரைக் கூட்டத்தில் கரைத்துவிட்டது என்று கருதி, இதனை மார்க்சிய நடனம் என்றே சாடினார். 1926-இல் லண்டன் விமர்சகர்கள் தாக்கியபோது, ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் முன்வந்து, இதனை ஆதரித்து வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்.

நாமும் ஒன்றைச் சிந்திக்கலாம். பெண்ணைக் கொடுத்து அனுப்பும் வேளையில், நாதசுரம் முழங்கும் பந்தலிலும் தாயின் கண் கலங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அயலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் நம்மிடையே பலர். திருமணத்தை மணமகளின் பக்கம் நின்று பார்த்தவர் நிஜின்ஸ்கா. பெண்ணொருத்தி நடனம் அமைக்க வந்ததனால் மட்டுமே இக்கண்ணோட்டம் வந்தது என்று அறுதியிட இயலாது. ஆனால், அவருக்கு முன் பாலே மேடையில் வந்துபோன எத்தனையோ கல்யாணங்கள் கொண்டாட்டமாகவே முடிந்தன என்பதை மறப்பதற்கில்லை.

அடுத்த ஆண்டே, 1924-இல், அவர் முற்றிலும் வேறான இரு நடனங்களை அமைத்தார். புலாங்க் என்பவரின் இசைக்கு அமைந்த 'லே பீஷ்', செல்வர் மாளிகை விருந்தொன்றின் நாசூக்கான கேலிச் சித்திரம். முத்துமாலையும் நீண்ட சிகரெட் குழலுமாக வரும் வீட்டுத் தலைவியாக நிஜின்ஸ்காவே ஆடினார். 'நீல ரயில்' என்பது கடற்கரையில் பொழுதுபோக்கும் நாகரிக மக்களைப் பற்றியது. டென்னிஸும் நீச்சலும் அதில் நடனமாயின. துயரத்தை அமைத்த அதே கை, நையாண்டியையும் அமைத்தது.

1925-இல் தியாகிலெவின் குழுவை விட்டு அவர் நீங்கினார். அதன்பின் வாழ்க்கை ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 1928 நவம்பரில் இடா ரூபின்ஸ்டைன் அம்மையாரின் குழுவுக்காகப் பாரிஸில் ராவெலின் 'பொலேரோ' இசைக்கு முதன்முதலில் நடனம் அமைத்தவர் இவரே. அவ்விசை இன்று உலகமெங்கும் ஒலிக்கிறது. அதற்கு முதலில் நடனம் அமைத்தவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? 1932-இல் சொந்தக் குழு ஒன்றை நிறுவினார். 1934-இல் ஹாம்லெட் வேடத்தைத் தாமே ஏற்று ஆடினார். குழு நெடுநாள் நீடிக்கவில்லை. 1935-இல் பதினாறு வயது மகன் லியோன் மோட்டார் விபத்தில் மாண்டான். 1937-இல் போலந்து பாலேக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பாரிஸ் பொருட்காட்சியில் உயர்ந்த பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போர் வந்தது. அமெரிக்கா சென்றார், லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளி நடத்தினார். பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த பாலேக் கலைஞராகத் திகழ்ந்த மரியா டால்சீஃப் அவரிடம் பயின்றவரே.

அறுபதுக்கு மேற்பட்ட நடனங்களை அமைத்தவர் அவர். அவற்றை ஆடி வந்த குழுக்கள் கலைந்தன, ஆடியவர்கள் சிதறினர், நடனங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. சொந்த அரங்கோ, நிலையான குழுவோ, அரசின் ஆதரவோ அவருக்கு நீடித்து வாய்க்கவில்லை. உலகம் அவரை நிஜின்ஸ்கியின் தங்கை என்றே நினைவில் வைத்தது.

இந்நிலை மாறியது ஒரு மாணவரால். 1928-இல் ரூபின்ஸ்டைன் குழுவில் கடைசி வரிசையில் ஆடிய இளைஞர்களுள் பிரெடரிக் ஆஷ்டன் என்ற ஆங்கிலேயரும் ஒருவர். நிஜின்ஸ்கா ஒத்திகை நடத்துவதை அவர் நாள்தோறும் கூர்ந்து கவனித்தார். நடனம் அமைக்கும் தொழிலை அங்கேதான் கற்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1963-இல் அவர் இங்கிலாந்தின் அரச பாலேக் குழுவுக்கு இயக்குநரானார். எல்லாரும் மறந்திருந்த தம் ஆசிரியரை லண்டனுக்கு அழைத்தார். 1964-இல், தம் 73-ஆம் வயதில், நிஜின்ஸ்கா 'லே பீஷ்' நடனத்தைக் கோவென்ட் கார்டன் அரங்கில் மீண்டும் நிறுவினார். 1966-இல் 'லே நோஸ்'. செவித்திறன் குன்றியிருந்த அம்மூதாட்டி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமைத்த அசைவுகளை இளங்கலைஞர்களின் உடலில் ஒவ்வொன்றாக ஊன்றினார். மணமகளாக ஸ்வெத்லானா பெரியோசோவா ஆடினார். கண்டவர்கள் வியந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பெரும் படைப்புகளுள் ஒன்று இத்தனை நாள் எங்கே மறைந்திருந்தது என்று வினவினர்.

1972 பிப்ரவரியில், தம் 81-ஆம் வயதில், கலிபோர்னியாவில் நிஜின்ஸ்கா காலமானார். அதன்பின் பொறுப்பை ஏற்றவர், நாம் முன்னர்க் குறிப்பிட்ட மகள் இரினா. தாய் எழுதி வைத்த இளமை நினைவுகளைப் பதிப்பித்து 1981-இல் நூலாக வெளிவரச் செய்தார். 1980-களில் அமெரிக்கக் குழுக்களுக்குத் தாயின் நடனங்களைத் தாமே கற்பித்தார். அண்ணனின் 'வசந்தச் சடங்கு' சில முறை மட்டுமே ஆடப்பெற்று மறைந்தது. அதனை 1987-இல் ஆராய்ச்சியாளர்கள் ஓவியங்களையும் குறிப்புகளையும் கொண்டு ஊகித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தங்கையின் 'லே நோஸ்' அமைத்தவர் வாயிலாகவே அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் லின் கராஃபோலா என்னும் அறிஞர் நிஜின்ஸ்காவின் முழு வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அம்மையார் மறைந்து ஐம்பது ஆண்டுகள் சென்ற பின் வந்த நூல் அது.

எஞ்சியவற்றை எண்ணினால் மகிழ்ச்சியோடு துயரமும் எழுகிறது. அறுபதுக்கு மேற்பட்டவற்றுள் அரங்குகளில் உறுதியாக நிலைபெற்றவை இரண்டே. அந்த இரண்டும், ஒரு மாணவர் நன்றி மறவாதிருந்ததனாலும், அழைப்பு வந்தபோது ஆசிரியர் உயிரோடு இருந்ததனாலும் எஞ்சியவை. இன்னும் பத்தாண்டு தாழ்த்தியிருந்தால் அவையும் போயிருக்கும்.

இதனை ஐரோப்பியக் கதை என்று நாம் கேட்டு விட்டுவிடலாகாது. நம் ஊர்ச் சபாக்களிலும் சங்கங்களிலும் பெண்கள் ஆடுகின்றனர். அழைப்பிதழில் ஆடுபவர் பெயர் பெரிதாக இருக்கிறது. பாடலாசிரியர் பெயரும் வருகிறது. அந்த ஜதியைக் கோத்தவர் யார், அந்த வர்ணத்திற்கு ஆட்டம் அமைத்தவர் யார் என்பது பல வேளைகளில் அச்சேறுவதில்லை. சொந்த ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டின் முன்னறையில் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு நடனம் கற்பித்த ஆசிரியைகள் வடநாட்டு நகரங்களில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தாமே அமைத்த உருப்படிகளும் உண்டு. அவற்றை இன்று அவர்களே கற்பிக்கும் நிலையில் இருக்கும்போதே, மாணவியர் முறையாகப் பயின்று, அமைத்தவர் பெயரோடு குறித்துவைத்தால் நன்று. இப்பொழுது கையில் இருக்கும் தொலைபேசியிலேயே ஆட்டத்தைப் படம்பிடித்து வைக்கவும் இயலும். ஆஷ்டன் லண்டனில் செய்ததை, அவரவர் வாழும் ஊரிலே சிறிய அளவில் நாமும் செய்யலாம்.

அடுத்த முறை ஓர் அரங்கேற்றம் காணச் செல்லும்போது, ஆடிய பெண்ணைப் பாராட்டிய பின், இதனை அமைத்தவர் யார் என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக.